மோட்டார் வண்டியும் நாமும்

மனிதரைப் பிடிக்கும் பித்துகள் பலவகைப்பட்டவை. சிலருக்குச் சங்கீதம், சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு ஊர்ப் பஞ்சாயத்து. நம்மைப் பிடித்திருப்பது மோட்டார்ப் பித்து. பகல் முழுவதும் இரயில்வே கௌண்டரில் அமர்ந்து பிறருக்குப் பிரயாணச் சீட்டு வழங்கிவிட்டு, மாலையில் வீடு திரும்பியதும் மோட்டாரின் மூடியைத் திறந்து அதனுள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்பதில் நமக்கு ஓர் இன்பம். இதற்கு மருந்து உண்டா என்று நம் இல்லத்தரசி சங்கத்து மாதர் பலரிடமும் விசாரித்துவிட்டார். இல்லை என்பதே கிடைத்த விடை.

நம்மிடம் உள்ளது 1996ஆம் ஆண்டில் பதிவான மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர் எஞ்சின், பன்னிரண்டு அங்குலச் சக்கரங்கள். இதனை 2004இல் நம் தந்தையார் ஒரு வங்கி அதிகாரியிடமிருந்து வாங்கினார். பின்னர்ப் பணியில் இருக்கையிலேயே அவர் காலமானார். வாரிசு என்ற முறையில் இரயில்வே உத்தியோகம் நமக்குக் கிடைத்தது. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. வண்டியின் சாவியும் அவ்வாறே நம் கைக்கு வந்தது. ஆகவே இதனை விற்பது பற்றி எவரேனும் பேச்செடுத்தால், நம் முகம் சிறிது மாறுவது இயல்பே.

அப்பேச்சு இப்போது அடிக்கடி எழுகிறது. சொந்த உபயோகத்துக்கான காருக்கு முதலில் 15 ஆண்டுகளுக்குப் பதிவு அளிக்கிறார்கள். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டு சென்று புதுப்பித்தாக வேண்டும். 2021இல் இதற்காக நாம் செலுத்திய கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் வெளியான விதியின்படி, 20 வயதைக் கடந்த காருக்கு 10,000 ரூபாய். மாநில அரசின் பசுமை வரி இதில் அடங்காது. 2026இல் நம் வண்டிக்கு முப்பது வயது நிறைகிறது; புதுப்பிக்க வேண்டிய முறையும் அவ்வாண்டே வருகிறது. இத்தகைய வண்டியை விற்றால் என்ன கிடைக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஒரு குமாஸ்தாவின் குடும்பத்தில் பத்தாயிரம் ரூபாய் என்பது சிறு தொகையன்று.

மோட்டார்ப் பித்துக்கு இந்தத் திருவனந்தபுரம் பழைய இருப்பிடம் என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். 1938 பிப்ரவரி 20ஆம் நாள் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். அதனை நடத்துவதற்கென்றே லண்டனிலிருந்து சால்ட்டர் என்னும் அதிகாரியை வரவழைத்திருந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து இங்குப் பிழைக்க வந்த நம் பாட்டனார் தலைமுறைக்குப் பஸ்ஸே கதி. அப்பாதையில் இரயில் வந்தது 1979இல்தான்.

மகாராஜாவின் இளவல் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் மெர்சிடிஸ் பென்ஸ் 180 வண்டியை நம்மவர் பலரும் அறிவர். 1950களில் வாங்கிய அந்த ஒரே வண்டியை அவர் இறுதி வரை கைவிடவில்லை. அது 23 லட்சம் மைல் ஓடியது என்று பத்திரிகைகள் எழுதின. கிலோமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 37 லட்சம். சந்திரனுக்கு நான்கு முறை போய்த் திரும்பிய பின்னும் மிச்சம் இருக்கும் தூரம் அது. அவர் 2013 டிசம்பரில் மறைந்தபோது, அவருடைய மற்றப் பெருமைகளோடு அந்த வண்டியையும் பத்திரிகைகள் நினைவுகூர்ந்தன. நாம் இதனை இல்லத்தில் ஒருமுறை எடுத்துச் சொன்னோம். "அவங்க அரண்மனைக்காரங்க, நாம வாடகை வீட்டுக்காரங்க" என்று விடை வந்தது. அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை.

இனி நம் வண்டி நமக்கு அளித்த சில அனுபவங்களைச் சொல்வோம்.

சென்ற ஆண்டு ஓணம் விடுமுறையில் குடும்பத்தோடு நாகர்கோவிலுக்குப் புறப்பட்டோம். கரமனை, நேமம், பாலராமபுரம் எல்லாம் சௌக்கியமாகக் கடந்தன. நெய்யாற்றின்கரை தாண்டியதும் வண்டியின் போக்கு மாறியது. சமதளத்தில் ஒழுங்காக ஓடும். ஏற்றம் வந்தால் மூச்சுத் திணறும். பாறசாலையை நெருங்கும் ஒரு மேட்டில் நின்றேவிட்டது. சிறிது நேரம் ஓய்வு கொடுத்துச் சாவியைத் திருப்பினால் உயிர் வருகிறது. ஆயினும் விசையை மிதித்தால் மறுபடி அடங்குகிறது. இந்நோய்க்குப் பெயர் பட்டினி. நின்றபடி ஓடுவதற்கு எஞ்சினுக்குச் சொற்பப் பெட்ரோல் போதும். மேடேறுவதற்கு நிறைய வேண்டும். அந்த நிறையக் கிடைக்காத இடத்தில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். மூடியைத் திறந்து பார்த்தோம். பெட்ரோல் குழாயின் நடுவே கட்டைவிரல் பருமனில், உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி ஒரு பிளாஸ்டிக் வடிகட்டி உண்டு. அது செம்மண் நிறமாக இருந்தது. முப்பது வயதுத் தொட்டியின் துரு அத்தனையும் அங்கே வந்து குடியேறியிருந்தது. அதனைக் கழற்றி, எதிர்ப்புறமாக வாய் வைத்து ஊதித் தட்டினோம். கால் மணி நேரம். வாயில் பெட்ரோல் நாற்றம் மறுநாள் வரை இருந்தது என்பதைத் தவிர வேறு நஷ்டம் இல்லை. பூட்டினோம், மேடு ஏறினோம்.

உலகில் முதன்முதலாக மோட்டாரில் நெடுந்தூரப் பிரயாணம் செய்தவர் ஒரு பெண்மணி. மோட்டாரை அமைத்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமலே வண்டியை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் இருவரோடு மான்ஹைமிலிருந்து தம் தாய்வீடு இருந்த போர்ஸைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் எரிபொருள் தீர்ந்தது. மருந்துக் கடை ஒன்றில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தது, தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திவிட்டார். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரைக் கொண்டு அதன்மேல் தோலை அறைவித்தார். தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி அடித்தார். அவர் வண்டியின் அடைப்பும் பாறசாலையில் நம் வண்டியின் அடைப்பும் ஒரே இனம். இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தும் வைத்தியம் மாறவில்லை.

மழைக்காலத்துச் சங்கதி வேறு. துலாவர்ஷத்தில் தம்பானூர் என்ன ஆகும் என்பது நம் அன்பர்களுக்குத் தெரிந்ததே. ஆமையிழஞ்சான் தோடு நிறைந்தால் சாலையும் தோடும் ஒன்றாகிவிடும். அங்கே ஒரு பெரிய பஸ் நம்மைக் கடந்து போனால், அது எழுப்பும் அலை நம் வண்டியின் முகத்தில் அறையும். பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஈரம் ஏறிவிட்டால் எஞ்சின் பேச்சு மூச்சின்றி நிற்கும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் தீர்ந்தது. இதற்காகவே நம் குடைக்குள் ஒரு பழைய துவர்த்தைச் சுருட்டி வைத்திருக்கிறோம். முதலில் துவர்த்தை உலர வைப்பதற்குத்தான் குடை, நமக்குப் பிறகு.

நம் மைத்துனர் சென்னையில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். அவர் புது மாதிரிக் கார் ஒன்று வாங்கி இங்குக் கொண்டு வந்திருந்தார். சாவியைத் திருப்ப வேண்டியதில்லை. சட்டைப் பையில் இருந்தால் போதும், கதவு தானே இசையும். வழுதக்காட்டில் ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் அதில் புறப்பட்ட காலையில் கதவு இசையவில்லை. சாவிக்குள் இருந்த பட்டன் அளவுப் பாட்டரி தன் ஆயுளை முடித்துக்கொண்டது. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் புத்தகம் பூட்டிய வண்டிக்குள்ளேயே இருந்தது! பட்டுப் புடவைகளோடு பெண்கள் வாசலில் நிற்க, மைத்துனர், "அத்தான், உங்க வண்டியை எடுங்க" என்றார். அன்று நாம் அடைந்த மகிழ்ச்சி நாகரிகமானது அன்று, ஆயினும் அடைந்தோம். ஆறு பேரும் மாருதிக்குள் எப்படி அடங்கினோம் என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். அந்தச் சாவியின் பக்கவாட்டில் ஒரு சிறு தாழ் இருப்பதையும், அதனை அழுத்தினால் உள்ளிருந்து மெல்லிய உலோகச் சாவி ஒன்று வெளிவருவதையும் மாலையில் திரும்பி வந்து நாமே கண்டுபிடித்துக் கொடுத்தோம்.

அதே வண்டியில் மற்றொரு நாள் எஞ்சின் உருவம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி நிற்கவில்லை, ஆனால் ஊர்ந்தது. மூடியைத் திறந்தோம். கறுப்பு பிளாஸ்டிக் பலகை ஒன்று எல்லாவற்றையும் போர்த்தியிருந்தது. பட்டறையில் ஒரு கருவியைச் சொருகினார்கள். அது ஓர் எண்ணைக் காட்டியது. அந்த எண்ணுக்குரிய சிறு உணர்கருவியை மாற்றினார்கள். பழையது கெட்டுப்போனது எப்படி என்று அங்கிருந்த இளைஞரிடம் கேட்டோம். "கெட்டுப்போச்சு, மாத்தியாச்சு" என்றார். அவர் மேல் குற்றம் இல்லை. அவருக்கும் அதனுள்ளே இருப்பது தெரியாது. நமக்கு வருத்தம் தந்தது பணம் அன்று, இதுதான். தன் நோயைத் தானே அறிந்த யந்திரம், அதனைத் தன் சொந்தக்காரருக்குச் சொல்லாமல் மற்றொரு யந்திரத்துக்கு மட்டும் சொல்கிறது.

எனினும் நியாயத்தை மறைத்தல் கூடாது. கார்புரேட்டர் என்பது ஒரு குருட்டுக் கணக்கர். ஒடுங்கிய தொண்டை வழியே காற்று விரைந்து போகும், அந்த இழுப்பில் பெட்ரோல் சேர்ந்து போகும், அவ்வளவே. காற்றின் வெப்பம் என்ன, எஞ்சின் சூடேறிற்றா, புகையில் என்ன மிஞ்சுகிறது என்ற விசாரணை அதற்கு இல்லை. புது வண்டியிலுள்ள கணிப்பொறி இவை யாவற்றையும் ஒரு விநாடிக்குள் பலமுறை அளந்து, அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கிறது. காலையில் நாம் சோக்கை இழுத்து வண்டியைக் கிளப்பும்போது, பின்வீட்டு அம்மையார் தம் ஜன்னலைச் சாத்துகிறார். அவருக்கு இழுப்பு நோய். மைத்துனரின் வண்டி கிளம்பியபோது அந்த ஜன்னல் திறந்தே இருந்தது. இது நம் கண்ணில் பட்டது, மனத்திலும் தங்கியது.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது அதில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்து விற்கிறார்கள். எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையது. அந்நாளைய இரப்பர்க் குழாய்களை அதற்கென்று செய்யவில்லை. குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி வைத்திருக்கிறோம்.

இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டோம். நாம் தாங்க முடியாத கேள்வியை நம் ஒன்பது வயது மகள் கேட்டாள். "அப்பா, மாமா கார்ல பின்னாடி எனக்கு பெல்ட் இருக்கே. நம்ம கார்ல ஏன் இல்ல?"

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்றுமுனைப் பட்டையை ஸ்வீடன் நாட்டு வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் 1959இல் அமைத்தார். உயிர் காக்கும் பொருள் என்று கருதி அதன் உரிமையை அக்கம்பெனி பிறருக்கும் திறந்துவிட்டது. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் விற்கும் எந்தக் காரிலும் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம். நம் வண்டியில் முன்னிருக்கைக்குப் பட்டை உண்டு. பின்னே ஒன்றும் இல்லை. காற்றுப்பை என்ற சொல்லே அது பிறந்த காலத்தில் நம் தெருவில் வழங்கியதில்லை. தேசிய நெடுஞ்சாலை 66இல் சரக்கு லாரிகளுக்கிடையே, இரண்டு குழந்தைகளைப் பின்னே அமர்த்தி எத்தனை முறை போயிருக்கிறோம் என்று அன்றிரவு எண்ணிக்கொண்டிருந்தோம்.

மறுநாளே நம் மெக்கானிக் ஆசானிடம் சென்று பின்னிருக்கைக்குப் பட்டை பூட்டித் தரக் கேட்டோம். அவர் இந்நாட்டுக்காரர், தந்தையார் காலத்திலிருந்து வண்டிக்கு வைத்தியர். தரைவிரிப்பை நீக்கிச் சுத்தியலால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். இவ்வளவு துருப்பிடித்த தகட்டில் பூட்டினால், இடிக்கும்போது பட்டை மட்டும்தான் குழந்தையின் மேல் இருக்கும், தகடு இருக்காது என்று மலையாளத்தில் சொன்னார், கூலியும் வாங்கவில்லை.

ஆகவே நம் முடிவு இது. வண்டியை விற்கவில்லை. பத்தாயிரத்தைச் செலுத்திப் புதுப்பிக்கிறோம். அதற்காக மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்கி வருகிறோம். அது நகரத்துக்குள் மட்டும் ஓடும்: ஸ்டேஷனுக்கும், சாலைக் கடைத்தெருவுக்கும், சங்கக் கூட்டத்துக்கும். குழந்தைகளோடு ஊருக்குப் போவது இனி இரயிலில். நம் இல்லத்தரசி இதனைக் கேட்டு, "இரயில்வேக்காரர் இரயில்ல போறதுக்கு இத்தனை வருஷம் ஆச்சா?" என்றார். சென்ற மாதம் அவ்வாறே போனோம். பாறசாலை தாண்டுகையில் குழந்தைகள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். மேடு வந்ததே அவர்களுக்குத் தெரியாது. நாம் மட்டும் ஜன்னலோரம் அமர்ந்து, எஞ்சினின் சப்தம் மாறுகிறதா என்று காது கொடுத்துக் கொண்டிருந்தோம்.

பரிசோதனைக்குமுன் அடித்தகட்டில் இரண்டு இடம் ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் மயிரிழை போல ஒரு வெடிப்புக் காண்கிறது. பழைய மாருதி 800க்குரிய மூடி நல்ல நிலையில் அன்பர்கள் எவரிடமேனும் இருப்பின், சங்கக் காரியாலயத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். உரிய விலை கொடுக்கப்படும்.