பத்து கிலோமீட்டர் வட்டம்

2022 டிசம்பர் 6ஆம் தேதி கார்த்திகை தீபம். அதற்காக அடி அண்ணாமலையில் அத்தை வீட்டுக்கு வந்தவன், தீபம் ஏற்றி முடிந்தும் கிளம்பவில்லை. அங்கிருந்தே லேப்டாப்பைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாண்டஸ் புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. உச்சியில் தீபம் மேகத்துக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது.

8ஆம் தேதி சாயங்காலம் மீட்டிங் முடியும்போது கொழும்பில் இருக்கும் டீம் நண்பர் சொன்னார்: "நாளைக்கு எனக்கு லீவு வேணும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. காத்து சரியில்லையெண்டு நாடு முழுக்கப் பூட்டீட்டாங்கள்."

"புயலா?"

"புயல் இல்லை மச்சான், புகை. உங்கட பக்கத்துப் புகைதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். கேமராவை அணைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னது விளையாட்டு இல்லை. இந்தியாவின் மேலிருந்த மாசுக்காற்றைப் புயல் சுழற்சி தெற்கே இழுத்து இலங்கை மேல் விட்டிருந்தது. அந்த நாட்டின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் எல்லை தாண்டி வந்த மாசு என்றே சொன்னது. அந்தப் புகையில் வண்டிப் புகை இருக்கும், வைக்கோல் எரித்த புகை இருக்கும், செங்கல் சூளை இருக்கும். அனல் மின் நிலையத்தின் பங்கு எவ்வளவு? இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்ட கணக்கு ஒன்று இருந்தால் சொல்லலாம். அப்படி ஒன்று கிடையாது. இந்தக் கட்டுரையே அந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

அனல் மின் நிலையம் மற்ற புகைகளைப் போல இல்லை. அதன் புகை வெகுதூரம் போவதற்கென்றே கட்டப்பட்டது. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள யூனிட்டுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் பழைய விதி. நல்ல எண்ணத்தில் போட்டதுதான். உயரத்தில் விட்டால் காற்றில் கலந்து நீர்த்துப்போகும், அடியில் இருப்பவர் மூச்சுத் திணற மாட்டார். ஆனால் மேலே போன சல்பர் டை ஆக்சைடு காணாமல் போவதில்லை. சில நாட்களில் காற்றிலேயே சல்பேட் துகளாக மாறி, நாம் பி.எம். 2.5 என்று சொல்லும் நுண்தூசியில் சேர்ந்துகொள்கிறது. அதற்குள் பல நூறு கிலோமீட்டர் கடந்திருக்கும். என் தொழிலில் இதைப் பிழையைத் திருத்துவது என்று சொல்ல மாட்டோம். நம்ம மாட்யூலில் இருந்த பிழையைப் பக்கத்து டீமின் மாட்யூலுக்குத் தள்ளிவிட்டோம் என்போம்.

அன்று இரவு மேப்பை எடுத்துப் பார்த்தேன். எண்ணூர்ப் பக்கம் வல்லூரில் 1,500 மெகாவாட், அதன் அருகிலேயே வடசென்னை அனல் மின் நிலையம். அங்கிருந்து திருவண்ணாமலை நேர்கோட்டில் சுமார் 180 கிலோமீட்டர், தென்மேற்கே. தீபக் காலத்தில் வீசுவதோ வடகிழக்குக் காற்று. கொழும்புக்கு நான் அனுப்புகிறவன் என்றால், இங்கே நானும் வாங்குகிறவன்தான்.

ஐரோப்பா இதை நமக்கு முன்பே அனுபவித்தது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் உயர்ந்த புகைபோக்கிகள், நார்வேயிலும் ஸ்வீடனிலும் அமில மழையில் மீன் செத்த ஏரிகள். 1979இல் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன் உயிர்நாடி ஓர் அட்டவணை என்பேன். எந்த நாட்டின் கந்தகம் எந்த நாட்டில் எவ்வளவு விழுகிறது என்று ஒரு பொது அமைப்பு அளந்தும் கணக்கிட்டும் வெளியிட்டது. 1985இல் 30 சதவீதம் குறைப்போம் என்று மற்றவர்கள் கையெழுத்திட்டபோது பிரிட்டன் மறுத்தது. ஆனால் 1988இல் பெரிய எரிநிலையங்களுக்கென்றே ஐரோப்பியச் சமூகம் கொண்டுவந்த சட்டத்தில், 1980இன் அளவிலிருந்து 2003க்குள் 60 சதவீதம் குறைக்க அதே பிரிட்டன் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. எண் எழுதப்பட்ட பிறகு எத்தனை நாள்தான் மறுப்பது?

நம்மிடமும் ஓர் ஆவணம் உண்டு. 1998 மாலே பிரகடனம். இந்தியா, இலங்கை உட்பட எட்டு நாடுகள் எல்லை தாண்டும் மாசைக் கண்காணிப்போம், ஒத்துழைப்போம் என்றன. யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற எண் அதில் இல்லை. கட்டுப்படுத்தும் சட்டமும் அது இல்லை.

உள்நாட்டில் 2015 டிசம்பரில் நல்ல விதி வந்தது. அனல் மின் நிலையங்கள் கந்தகப் புகைக்கு வரம்பு காட்ட வேண்டும், கெடு இரண்டு ஆண்டு. பெரும்பாலான நிலையங்களுக்கு அதற்குக் கந்தக நீக்கி தேவை. புகை வெளியேறும் முன்பே சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவிப் பிடிக்கும் கருவி அது.

அத்தை பேத்திக்குக் கண்மை செய்வதைப் பார்த்தால் இது புரியும். விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரியைப் பிடிப்பாங்க. ஒருமுறை தட்டை நான் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டேன். "கிட்ட வைடா. தூக்குனா எல்லாம் ஓட்டுக்குத்தான் போவும்" என்றாங்க.

அந்த இரண்டு ஆண்டுக் கெடு 2022 ஆனது, பிறகு மறுபடி மறுபடி தள்ளி 2029 வரை போனது. 2025 ஜூலையில் வந்த அறிவிப்பு, சுமார் 78 சதவீத நிலையங்களுக்குக் கந்தக நீக்கியே கட்டாயமில்லை என்றது. பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரமோ, ஏற்கெனவே காற்று கெட்ட ஊரோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்பதே பெரும்பாலும் கேள்வி. இல்லையென்றால் விலக்கு.

அரசின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் சல்பர் டை ஆக்சைடு பெரும்பாலும் வரம்புக்குள்தான் இருக்கிறது, கருவிக்குச் செலவும் மின்சாரமும் ஆகும், கொஞ்சம் கார்பனும் கூடும். எதுவும் பொய்யில்லை. ஆனால் வாயுவாக அளந்தால் குறைவாகத் தெரிவதற்கு, அதில் ஒரு பகுதி வேறு ஊரில் வேறு பெயரில் தூசியாக இருப்பதும் ஒரு காரணம். 275 மீட்டர் உயரத்தில் விடும் புகையை 10 கிலோமீட்டர் வட்டத்தால் அளக்கிறோம். அந்த வட்டம் அடி அண்ணாமலையைத் தொடாது. கடலைத் தாண்டவே தாண்டாது.

அறிவிப்பு வந்த அன்று நண்பருக்கு மெசேஜ் போட்டேன், மன்னிப்புக் கேட்பதுபோல. ராத்திரி பதில் வந்தது.

"எங்கட நுரைச்சோலையும் 900 மெகாவாட் மச்சான். அந்தப் புகை உங்கட பக்கம் வருதோ?"

தெரியவில்லை என்று எழுதினேன். காற்று மாறும் மாதங்களில் வரலாம். வந்தால் எவ்வளவு, யார் வீட்டுக்கு என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதினால்தான் தெரியும். முதலில் அந்தத் தாள் வேண்டும்.