பாலாற்றில் வெள்ளம் வருவது ஏன்?

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயிலில் செல்கிறவர்கள் பாலாற்றை அடிக்கடி பார்க்கலாம். அதில் தண்ணீரைப் பார்ப்பதுதான் துர்லபம். வருஷத்தின் பெரும் பகுதி வெறும் மணல். மணல் போன இடங்களில் சீமைக்கருவேலம். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு படிந்த மண். இந்த ஆறு ஒரு காலத்தில் ஊரையே வாரிக்கொண்டு போயிற்று என்றால், வெளியூர்க்காரர் நம்பவா போகிறார்?

ஆனால் அது நடந்த சங்கதிதான். 1903-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், மேலே மைசூர் ராஜ்யத்தில் ஏரிகள் உடைந்துகொண்டன. அந்த நீர் திரண்டு வந்து வாணியம்பாடியின் ஒரு பகுதியை அழித்துவிட்டது. அதன் பிறகு 118 வருஷம் கழித்து, 2021-ம் வருஷத்தில், அதே நவம்பர் மாதத்தில் பாலாறு மறுபடியும் இரு கரையும் புரண்டு ஓடியது. வாலாஜாபேட்டை அருகே 1858-ல் கட்டிய அணைக்கட்டைத் தாண்டி, வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் சென்றது.

வெள்ளம் என்றால் மழை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எல்லாத் தேசத்திலும் அப்படியல்ல. குளிர் மிகுந்த சைபீரியாவில் லேனா என்னும் நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. வசந்த காலத்தில் தெற்கே பனி உருகி நீர் புறப்படும்போது, வடக்கே ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். மிதந்து வரும் பனிப்பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வழியை அடைத்துக்கொள்ளும். 2001 மே மாதத்தில் லென்ஸ்க் நகரம் மூழ்கியது இப்படித்தான். ஆக, எவ்வளவு நீர் வந்தது என்பது பாதிக் கேள்வி. அது போக வழி இருந்ததா என்பது மறு பாதி.

இந்த இரண்டு கேள்விகளையும் பாலாற்றிடம் கேட்போம். நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, 348 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கும் இந்த ஆற்றில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. மேலே கோலார்ச் சீமை முழுவதும் ஏரிகள். ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்தது நிரம்பும்படி முன்னோர் அமைத்த சங்கிலி அது. மழை குறைந்த வருஷங்களில் அவை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நமக்கு ஒரு சொட்டும் வராது. ஐப்பசி, கார்த்திகையில் எல்லா ஏரியும் ததும்பி நிற்கும்போது ஒரு புயல் சின்னம் உள்நாட்டுக்குள் நுழைந்தால், பிடித்துக்கொள்ள இடமே இராது. ஒரு கரை உடைந்தால் அதன் நீர் அடுத்த கரையை முட்டும்.

கீழே வந்தால் ஒரு பக்கம் ஜவ்வாது மலை, மறு பக்கம் ஆந்திர எல்லை மலைகள். மலட்டாறு, குடியாத்தம் கவுண்டன்யா, பொன்னை ஆகியவை மலைச்சரிவில் விரைந்து இறங்கி ஒரே சமயத்தில் பாலாற்றில் சேர்கின்றன. 2021 நவம்பர் 19-ம் தேதி அதிகாலையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தபோது நேர்ந்தது இதுவே. அன்றைய மழையில் பேரணாம்பட்டில் ஒரு வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் மாண்டார்கள்.

வந்த நீர் போக வழி எங்கே? நம் ஆற்றில் பனிப்பாளம் இல்லை. ஆனால் வருஷக்கணக்காக வறண்டு கிடந்ததால், அது ஆறு என்பதையே மறந்து வீடு கட்டினோம், குப்பை கொட்டினோம், முட்புதர் மண்டவிட்டோம். மழைநீரை உறிஞ்சி நிலத்தடியில் சேமித்த மணலையும் லாரி லாரியாக அள்ளினோம். தோல் தொழிலின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளம் வந்தால் அழுக்கெல்லாம் கழுவிப் போய்விடும் என்று சொல்வாரும் உண்டு. போகும் அழுக்கு கீழேயுள்ளவர்களின் கழனியிலும் கிணற்றிலும் அல்லவா சேரும்?

முற்காலத்தில் குடிமராமத்து என்று ஊரார் கூடிக் கரையைப் பலப்படுத்தி, கால்வாயைத் தூர் வாரினார்கள். மழைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அது. பாலாறு நூறு வருஷம் தூங்கினாலும் தன் பாதையை மறப்பதில்லை. அந்தப் பாதையில் வீடு கட்டிக் குடியிருப்பவர் பெரும்பாலும் வேறிடம் வாங்க வழியற்ற ஏழைகள். அவர்களுக்கு மேட்டில் இடம் தேடித் தருவதும், ஏரிக் கரைகளைக் காப்பதும், அடுத்த நவம்பருக்கு முன் நாம் செய்து தீர வேண்டிய கடமைகள்.