இமைகள் எழுதிய சொல்

1966ஆம் ஆண்டு மே மாதம். வட வியட்நாமின் தலைநகரான ஹனோயில் அமெரிக்கப் போர்க்கைதி ஒருவர் தொலைக்காட்சிப் படக்கருவியின் முன் அமர்த்தப்பட்டார். அவர் பெயர் ஜெரமையா டென்டன். கடற்படை விமானியான அவருடைய விமானம் முந்தைய ஆண்டு ஜூலையில் சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தது. கைதிகள் நன்றாக நடத்தப்படுகிறார்கள் என்று உலகத்துக்குக் காட்டவே அந்த நேர்காணல் ஏற்பாடாகியிருந்தது. ஜப்பானியச் செய்தியாளர் ஒருவர் கேள்வி கேட்க, டென்டன் நிதானமாக விடையளித்தார். பேசும்போது அவர் கண்களை அடிக்கடி இமைத்தார். விளக்கொளியில் கண் கூசுகிறது போலும் என்று காவலர்கள் நினைக்க வேண்டும். அதுதான் அவர் எண்ணம்.

உண்மையில், அவர் இமைகளால் எழுதிக்கொண்டிருந்தார்.

மோர்ஸ் குறியீட்டில் இருப்பவை புள்ளி, கோடு என்னும் இரண்டே குறிகள். ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் 'ஈ' எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. 'டி' எழுத்துக்கு ஒரு கோடு. எப்போதாவது வரும் 'கியூ' எழுத்துக்கோ நான்கு குறிகள். அடிக்கடி வருவதைச் சுருக்கினால் நேரம் மிச்சமாகும் அல்லவா? சாமுவேல் மோர்ஸின் உதவியாளரான ஆல்ஃபிரட் வெயில், ஓர் அச்சகத்தில் எந்த எழுத்துக்கு எத்தனை அச்செழுத்துகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தே இதைத் திட்டமிட்டதாகச் சொல்வார்கள்.

குறிகளைப் போலவே இடைவெளியும் முக்கியம். புள்ளி ஓர் அலகு என்றால், கோடு மூன்று அலகு. ஓர் எழுத்துக்குள் வரும் குறிகளுக்கு நடுவே ஓர் அலகு இடைவெளி. எழுத்துகளுக்கு நடுவே மூன்று. சொற்களுக்கு நடுவே ஏழு. ஒரு புள்ளியும் ஒரு கோடும் சேர்ந்தால் 'ஏ' எழுத்து. நடுவில் சற்றுக் கூடுதலாக நிறுத்திவிட்டால், அதுவே 'ஈ', 'டி' என்று இரண்டு எழுத்துகளாகப் பிரிந்துவிடும்.

டென்டன் தேர்ந்தெடுத்தது 'டார்ச்சர்' என்ற ஆங்கிலச் சொல். 'சித்திரவதை' என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் ஏழு எழுத்துகள். மோர்ஸில் ஏழு புள்ளிகள், எட்டுக் கோடுகள். ஆக, பதினைந்து இமைப்புகள். அவற்றை மனத்துக்குள் கணக்கிட்டபடியே அவர் கேள்விகளைக் கவனிக்கவும் பதில் சொல்லவும் வேண்டியிருந்தது. காவலர்களில் ஒருவருக்கு அந்தக் குறியீடு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அதே கைதிகள் சிறை அறைகளுக்குள் மோர்ஸைப் பயன்படுத்தவில்லை என்பது வியப்பாக இருக்கலாம். சுவரைத் தட்டினால் எழுவது 'டொக்' என்ற ஒரே ஒலி. அதை நீட்டவோ குறுக்கவோ முடியாது. பிறகு கோட்டை எப்படிக் காட்டுவது? ஆகவே, எழுத்துகளை ஐந்து வரிசைகளாகவும் ஐந்து நிரல்களாகவும் அடுக்கி, வரிசை எண்ணையும் நிரல் எண்ணையும் தட்டிப் பேசிக்கொண்டார்கள். கட்டத்தில் இருபத்தைந்து எழுத்துகளுக்கே இடம் என்பதால் 'கே' எழுத்தை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக 'சி' எழுத்தைத் தட்டினார்கள். இமைக்கு அந்தச் சிக்கல் இல்லை. கண்ணைச் சட்டென்றும் மூடித் திறக்கலாம். சற்று நேரம் மூடியும் வைத்திருக்கலாம்.

நேர்காணலில் டென்டன் வாய்திறந்தும் துணிவாகவே பேசினார். தம் அரசாங்கத்தின் நிலைப்பாடு எதுவாயினும் அதை ஆதரிப்பதாகக் கூறினார். நேர்காணலுக்கு முன்பும் பின்பும் அவர் கடுமையாகத் துன்புறுத்தப்பட்டார். ஆனால், படச்சுருள் அமெரிக்காவை எட்டியபோது கடற்படை உளவுப் பிரிவினர் அந்த இமைப்புகளைப் படித்துவிட்டனர். கைதிகள் சித்திரவதைக்கு உள்ளாகிறார்கள் என்பது உறுதியானது.

டென்டன் விடுதலையாக மேலும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆயின. 1973 பிப்ரவரி 12ஆம் நாள், பிலிப்பீன்ஸிலுள்ள கிளார்க் விமானத் தளத்தில் விடுதலை பெற்ற கைதிகளுடன் விமானம் ஒன்று தரையிறங்கியது. முதலில் இறங்கி வந்த டென்டன் ஒலிவாங்கியின் முன் நின்றார். சுற்றிலும் படக்கருவிகள். இம்முறை அவர் இமைகளுக்கு வேலை இருக்கவில்லை.