கடல் கடந்து படிக்க – 3: குடுமியான்மலையில் ஒரு ஞாயிறு

திருச்சியில் எனக்கு அறை பிடித்துத் தந்த தரகர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டார். அதே தொகையை வீட்டுக்கார அம்மாவிடமும் வாங்கியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. நம்முடைய இலங்கை ரூபாய் மூன்றரை சேர்ந்தால்தான் இங்கே ஒரு ரூபாய். மட்டக்களப்பிலிருந்து மகளைச் சங்கீதம் படிக்க அனுப்புகிற ஒரு தகப்பனுக்கு அது என்ன கணக்கு என்று அந்த மனிதருக்குத் தெரியாமல் இராது. இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம்தான்.

பதிவு வேலைகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவ விசாவில் வருகிறவர்கள் வந்திறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இப்போது அதை இணையத்திலேயே செய்யலாம். அந்தப் பதிவுத் தாள் கைக்கு வரும்வரை நான் போன வங்கியில் கணக்குத் திறக்க மறுத்துவிட்டார்கள். வரப்போகிறவர்கள் முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள்.

வகுப்பு இல்லாத முதல் ஞாயிறு குடுமியான்மலைக்குப் புறப்பட்டேன். ஊரில் எங்கள் சங்கீத ஆசிரியை யாழ்நூலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சொல்லுகிற பெயர் அது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அந்த நூலில் குடுமியான்மலை இசைக் கல்வெட்டை ஆராய்ந்திருக்கிறார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே சுவாமி மறைந்தார். நம் ஊர்க்காரர் ஒருவர் தேடிப் படித்த பாறை இவ்வளவு கிட்ட இருக்கும்போது அறைக்குள் எப்படி இருப்பது?

புதுக்கோட்டையில் ஊர்ப் பேருந்து மாறினேன். காசை நீட்டியதும் நடத்துனர் கையை ஆட்டிவிட்டார். "லேடீஸுக்குக் காசு இல்லம்மா." நான் இலங்கைக்காரி என்று சொன்னேன். "எந்த ஊரா இருந்தா என்னம்மா, உக்காருங்க" என்று கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். ஏறக்குறைய 20 கிலோமீட்டர்! தரகர் வாங்கியதில் கால்வாசியை இந்த மனிதர் எனக்குத் திருப்பித் தந்துவிட்டதுபோல மனம் ஆறிற்று.

மலையடிவாரத்தில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. வேப்பமரத்தடியில் ஒரு பாட்டி பானை வைத்துக் கம்பங்கூழ் விற்றுக்கொண்டிருந்தார். மோர் விட்டுக் கரைத்த கூழ், சின்ன வெங்காயம், மோர்மிளகாய். சொம்பு, தட்டு எல்லாம் சாம்பல் போட்டுத் துலக்கியவை. திருச்சியில் நான் சாப்பிட்ட எந்தக் கடையிலும் அந்தச் சுத்தத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வாய் குடித்திருப்பேன், பாட்டி என்னையே பார்த்தார்.

"ஏத்தா, நீ சிலோனா?"

"ஓம் ஆச்சி, மட்டக்களப்பு."

"நான் பதுளையில பொறந்தவ!"

கரண்டியைப் பானைக்குள் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்களே, அதில் ஒருவர். சிறுமியாக எழுபதுகளில் வந்திருக்கிறார்.

"தலைமன்னார்ல கப்பல் ஏறுனோம். ராமேசுரத்துல எறங்குனா கண்ணுக்கெட்டுன தூரம் மண்ணு. எங்கம்மா தகரப் பெட்டி மேல உக்காந்து அழுதாங்க. மண்டபம் கேம்ப்ல வச்சிருந்து அப்பறம் இங்கிட்டு அனுப்புனாங்க. எனக்குக் கொழுந்து கிள்ளத் தெரியும், கதிர் அறுக்கத் தெரியாது. வயல்ல எறங்குனா எல்லாரும் சிரிப்பாங்க. ஒரே போகத்துல கத்துக்கிட்டேன்."

தரகர் கதையைச் சொன்னேன். "குடுத்துட்டேல்ல, விடு. இனிமே யாரு கேட்டாலும் நாலு பேர விசாரிக்காமக் குடுக்காத. தண்ணி மட்டும் காச்சிக் குடி." கூழுக்கு 20 ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. குகை பூட்டியிருக்கும் என்று பேரனைக் காவலரிடம் ஓடவிட்டவரும் அவரே.

கோயிலுக்குச் சிகாநாதர் கோயில் என்று பெயர், அம்பாள் அகிலாண்டேசுவரி. ஊரின் பழைய பெயர் திருநலக்குன்றம். லிங்கத்தின் உச்சியில் குடுமிபோல ஒரு புடைப்பு உண்டு. பூசைப் பூமாலையில் தலைமுடி கிடக்க, அரசனிடம் அகப்பட்ட அர்ச்சகரைக் காக்கச் சிவன் குடுமி வளர்த்தார் என்பது கதை. மண்டபத் தூண்களில் நரசிம்மரும் பத்துத் தலை இராவணனும் குதிரை வீரர்களும் நிற்கிறார்கள். அவ்வளவு அருமையான சிற்பங்களின் மேல் எண்ணெயும் திருநீறும் அப்பி வைத்திருக்கிறார்கள் பக்தர்கள். பக்தி என்றாலும் அது பாழாக்குவதுதான்.

காவலர் மேலைக்கோயில் குடைவரையைத் திறந்துவிட்டார். அதன் பக்கத்துப் பாறையில்தான் கல்வெட்டு. ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி. கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகள்: மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். சுவரங்கள் நான்கு நான்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதுவும் நாம் பாடுகிற ச, ரி அல்ல. ச, சி, சு, செ என்றும் ர, ரி, ரு, ரெ என்றும் ஒவ்வொரு சுவரமும் நான்கு உயிரோடு வருகிறது. அந்த உயிர்கள் சுருதி வேறுபாட்டைக் காட்டுகின்றனவா, வீணையை மீட்டும் முறையைக் காட்டுகின்றனவா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எழுதுவித்தவர் உருத்திராசாரியரின் சீடரான, சிவபக்தனாகிய ஓர் அரசர் என்று கல்லே சொல்கிறது. அவரை மகேந்திரவர்மன் என்று கூறுவார்கள். ஆனால் அந்தப் பெயர் இதில் இல்லை. முடிவில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று தமிழில் ஒரு வரி. வீணையின் நரம்புக் கணக்கு என்கிறார்கள்.

எழுத்துகளைக் கொண்டு 7ஆம், 8ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். படம் எடுக்கவில்லை. குறிப்பேட்டை விரித்துத் தெரிந்த சுவர வரிசைகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். கிரந்தம் படிக்க எனக்குச் சரியாக வராது என்றதும் காவலர் விரலால் காட்டி உதவினார். பத்துப் பதினைந்து வருடமாக வருகிறவர்களுக்குக் காட்டிக் காட்டியே எழுத்துப் பழகிவிட்டதாம். கல்லூரியில் மூன்று பாடவேளை கேட்டதைவிட அன்று அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு விளங்கியது அதிகம். எதற்காகக் கடல் தாண்டி வந்தேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லாமல் போயிற்று.

நம் பகுதியில் சங்கீதம் படிக்கிற எல்லாராலும் இவ்வளவு தூரம் வர முடியாது. கல்வெட்டின் முழு அளவுப் படி ஒன்றை எடுத்து, சுவாமியின் பெயரால் மட்டக்களப்பில் இருக்கிற அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் சுவரில் வைக்க வேண்டும். அதற்கு வழி தெரிந்தவர்கள், பொருள் தரக்கூடியவர்கள் முன்வாருங்கள்.