கிலுக்குக்குள் என்ன இருக்கிறது?

பழவேற்காட்டுக்குக் கலைப்பொருள் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்துவிட்டார். பொன்னேரியில் ஏறியவர். காலடியில் காலி அலுமினியக் கூடை. "அங்க இறால் கெடைக்கும், நண்டு கெடைக்கும், மடவை கெடைக்கும். இது என்னாத்துக்கும்மா?" என்றார். என்னிடம் சரியான பதில் இல்லை. கொஞ்ச காலமாகவே எனக்கு ஒரு பித்து. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குள் அடங்க வேண்டும், அலமாரியில் வைத்தால் வருகிறவர்கள் ஒருமுறையாவது சிரிக்க வேண்டும், ஒருவர் கையால் செய்ததாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பொருட்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறேன்.

இதற்கு விதை போட்டது ஓர் அமெரிக்க இயந்திரம். வடக்கு கரோலினா மாநிலத்தில் சிகரெட் தொழிலால் வளர்ந்த ஊர் வின்ஸ்டன்-சேலம். அங்கே கிளார்க் விட்டிங்டன் என்ற கலைஞர் 1997-இல், காசு போட்டால் சிகரெட் பாக்கெட் விழும் பழைய இயந்திரம் ஒன்றைச் சீர்செய்து, பாக்கெட்டுக்குப் பதிலாகத் தன் புகைப்படங்களை வைத்தார். ஒன்று ஒரு டாலர். ஆர்ட்-ஓ-மேட் என்று பெயர். பிறகு பல ஊர்களுக்கு அந்த இயந்திரம் பரவியது, பல கலைஞர்கள் சேர்ந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: செய்கிற பொருள் சிகரெட் பாக்கெட் அளவுக்குள் அடங்க வேண்டும். நம் ஊரிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது, ஓவியர்கள் பத்திக் துணியும் வேறு கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் அடுப்பெரித்தார்கள். பெரிய கான்வாஸ் விற்கும்வரை சின்னப் பொருட்கள்தான் அவர்களுக்குச் சோறு போட்டன. கலை வரலாற்றுப் புத்தகங்கள் கான்வாஸைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது வேறு விஷயம்.

பழவேற்காட்டில் ஓலைப் பெட்டி முடைகிறார்கள் என்று தோழி ஒருத்தி சொன்னாள். கோட்டைக்குப்பம் என்று தெருவும் சொன்னாள். கிளம்பிவிட்டேன்.

பஸ் நிலையத்தில் இறங்கி நேராகத் தெருவுக்குப் போகாமல் ஏரிக்கரைக்குப் போனது நல்லதாயிற்று. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. நமக்கு வாய்த்தது தெற்கு ஓரம்தான். இடுப்பளவுத் தண்ணீரில் நாலைந்து இருளர் பெண்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஒரு பறி, பனை ஓலையில் பின்னியது. அதன் வாயைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். கை இரண்டும் வேலையில் இருக்கிறது, இடுப்பு தண்ணீருக்குள் இருக்கிறது. வேறு எங்கே மாட்டுவது? ஈரம் வடிய ஓலையில் இடைவெளி, இறால் துள்ளி வெளியே வராதபடி குறுகிய வாய், கடிக்க வசதியாக மடித்த விளிம்பு. வடிவமைப்புப் பள்ளிகளில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தருகிற பாடம் ஒரு பெண்ணின் பல்லுக்கிடையில் தொங்கிக்கொண்டிருந்தது. விலைக்குக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிழைப்புக் கருவியைப் போய் அலமாரிக்குக் கேட்பதா என்று வாயை மூடிக்கொண்டேன்.

கோட்டைக்குப்பத்தில் கோட்டையைத் தேடினால் புதர்தான் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை நின்ற இடம் அது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இந்த ஊர்தான். அவர்கள் விட்டுப்போனவற்றில் முழுசாக நிற்பது கல்லறைத் தோட்டம். அதன் வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வரவேற்பு வைத்திருக்கிறார்கள். பயமுறுத்தத்தான் செதுக்கியிருப்பார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் அதன் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டச்சுக்காரர்கள் இங்கே வந்தது துணிக்காக. கிராம்பும் ஜாதிக்காயும் விளைகிற தீவுகளில் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணிக்கு மதிப்பு அதிகம். இங்கிருந்து போன கட்டம் போட்ட கைக்குட்டைக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நெசவாளர்கள் அதே மாதிரி நெய்து 'புல்லிகேட்' என்றே விற்றார்கள். அசலுக்கு உரிய ஊரில் இன்று அந்தத் தறி இல்லை. கட்டம் மட்டும் எங்கே போனது என்று நினைத்தபடி தெருவுக்குள் நுழைந்தேன்.

முதல் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஓலை டப்பா, கையகலம். சாயம் போட்ட ஓலையும் போடாத ஓலையும் குறுக்கும் நெடுக்குமாகப் போனால் கட்டம் தானாக விழுந்துவிடும். கைக்குட்டைக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்த்ததும் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

அந்த வீட்டு அக்காவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் மீன் வண்டிக்கு ஐஸ் அடிக்கப் போகிறார். திண்ணையின் மறுகோடியில் மாமியார். இந்தத் தெருக்களில் ஓலை வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். சமைத்து முடித்த கையோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று டப்பா கொண்ட ஒரு செட்டை எடுத்து விலை கேட்டேன். சொன்னார். நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பழக்க தோஷம், குறைத்துக் கேட்டேன். அவர் ஒரு நொடி மாமியாரைப் பார்த்துவிட்டு, "சரி, எடுத்துக்கங்க" என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை. வெற்றி பெற்ற சந்தோஷத்தில், "எப்படிச் செய்றீங்கன்னு பார்க்கலாமாக்கா?" என்று உட்கார்ந்தேன்.

விரிந்து பச்சையாகிவிட்ட ஓலை இதற்கு ஆகாது. பனைமரத்தின் நடுவில் விசிறி விரியாமல் மடங்கியிருக்கிற குருத்து வேண்டும். அதைப் பிரித்து வெயிலில் போட்டால் தந்த நிறத்துக்கு வெளுக்கும். பிறகு ஈர்க்கைக் கிழித்து எடுக்க வேண்டும். அடுத்தது ஓலை வார்தல். அக்காவிடம் ஒரு சின்னக் கட்டை இருந்தது, அதில் இரண்டு பிளேடுகளைப் பதித்திருந்தார். ஓலையை அதன்மேல் வைத்து ஒரே இழுப்பு. நூல் பிடித்தது போல ஒரே அகலத்தில் வார் வந்து விழுகிறது. நான் இழுத்தது வாழை நார் போல வந்தது. சாயம் கொதிக்கிற தண்ணீரில் கரைத்து, ஓலையை முக்கி எடுத்து, நிழலில் காயவைக்கிறார்கள். முடையும்போது ஈரத்துணியில் சுற்றிவைக்க வேண்டும். காய்ந்த ஓலை ஒடியும். ஈரம் அதிகமானால், முடைந்த பிறகு அது காய்ந்து சுருங்கி, பெட்டி பல்லிளிக்கும். மழைக்காலம் வந்தால் ஓலையில் பூஞ்சை பிடிக்கும், நிறம் கறுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வேலை படுத்துவிடும் என்றார்.

அடிப்பாகம் சுலபம், பாய் மாதிரி. மூலையில்தான் கதை. நாலு மூலையிலும் வார்களை எதிரும் புதிருமாகத் திருப்பி நிமிர்த்தினால்தான் தட்டை எழுந்து பெட்டியாகும். இரண்டு விரல் பிடித்திருக்க, மூன்றாவது விரல் நுழைக்க, கட்டைவிரல் நகத்தால் இறுக்குகிறார். அந்த நகம் மட்டும் மஞ்சளித்துத் தடித்துப்போயிருந்தது. எனக்கு ஒரு மூலையைக் கொடுத்தார். நான் திருப்பியதும் மற்ற மூன்று மூலையும் அவிழ்ந்துகொண்டது. மாமியார் அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது, "பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தரலியா கண்ணு?" என்றார்.

மூடிக்கு ஒரு வார் கூட. அதிகமாகப் போனால் தொளதொளக்கும், குறைந்தால் ஏறாது. அளவுகோல் கிடையாது. எண்ணிக்கைதான் அளவு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் செட்டில் இந்தக் கணக்கை டப்பாவுக்கு டப்பா கூட்டிக்கொண்டே போக வேண்டும். எண்ணுவதை அவர் வெளியே சொல்வதில்லை. உதடு மட்டும் அசைகிறது. நடுவில் நான் கேள்வி கேட்டு அதைக் குலைத்துவிட்டேன். இரண்டு வரிசையைப் பிரித்து மறுபடி போட்டார்.

இந்த ஊரின் சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்கப் பழைய சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. எனக்கு அன்று நேரம் காட்டியது பாங்கு. நான் உட்கார்ந்தபோது அக்கா கையில் வெறும் வார்கள். நண்பகல் லுஹர் பாங்கு கேட்டபோது அடி முடிந்து சுவர் பாதி ஏறியிருந்தது. எழுந்து போய்த் தொழுதுவிட்டு, பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு வந்தார். மாலை அஸர் பாங்கு சொல்லும்போது மூடிக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தார். செட்டில் ஆகச் சின்ன டப்பா அது. என் பையில் இருந்தது மூன்று. காலையில் நான் குறைத்த தொகை ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு. எனக்கு அது டீயும் வடையும்தான். மீதிப் பணத்தை எடுத்து நீட்டினேன். அக்கா, "பேசினது பேசினதுதான், வேணாம்" என்றார். சங்கடமாகிவிட்டது. கொடுத்தால் தானம் போல இருக்கிறது, கொடுக்காவிட்டால் திருட்டு போல இருக்கிறது. கடைசியில் சொன்ன விலைக்கே இன்னொரு செட் வாங்கிக்கொண்டேன். இதே மாதிரிப் பெட்டியைச் சென்னையில் குளிரூட்டிய கடை ஒன்றில், 'எளிமை' என்று எழுதிய அட்டை தொங்க, பல மடங்கு விலையில் பார்த்திருக்கிறேன். அங்கே நான் பேரம் பேசியதில்லை.

'மலிவான கலை' என்று நாம் சொல்லும்போது மலிவு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி. விட்டிங்டனின் இயந்திரத்தில் விலையை இயந்திரம் சொல்கிறது. அதனிடம் குறைத்துக் கேட்க முடியாது. கலைஞருக்கு எவ்வளவு என்பது முன்பே முடிவான விஷயம். திண்ணையில் அப்படியில்லை. வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து, அடுத்தவர் எப்போது வருவார் என்று தெரியாமல் சொல்கிற விலை அது. செட்டிநாட்டு ஓலைக் கொட்டான் அழிந்துபோகும் நிலைக்கு வந்தபோது, விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதற்குச் சந்தையையும் பிடித்தது. பழவேற்காட்டிலும் கட்டிடக் கலைஞர் சேவியர் பெனடிக்ட் தொடங்கிய ஆர்டே அறக்கட்டளை ஊரின் பாரம்பரியத்துக்காகப் பல ஆண்டுகளாக உழைக்கிறது. நல்ல காரியங்கள்தான். ஆனால் எல்லாத் திண்ணைக்கும் அறக்கட்டளை வந்துவிட முடியாது. குருத்து கிடைக்கவும் மரம் நிற்க வேண்டும். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது, செங்கல் சூளைக்குப் போனவை போக மிஞ்சிய மரங்களுக்காக.

கிளம்ப எழுந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிலுகிலுவென்று. மாமியார் மடியில் பேரன், அவன் கையில் ஓலையில் செய்த ஏதோ ஒன்று. வாங்கிப் பார்த்தேன். மீன்! உப்பிய வயிறு, ஈர்க்கில் வால், சாயம் போட்ட வாரின் துண்டில் கண். ஒரு கண் சிவப்பு, ஒரு கண் பச்சை. வாய் கொஞ்சம் கோணி, கெட்ட செய்தி கேட்டது போன்ற முகம். நான் ஊர் ஊராகத் தேடி அலைந்த பொருள் இதுதான்.

"இது விலைக்கு இல்லையா பாட்டிம்மா?"

"இதப் போயா? கழிச்ச ஓலை கண்ணு. பெட்டிக்கு ஆவாத துண்டு. சும்மா புள்ளைக்குச் செஞ்சது."

"கண் ஏன் இரண்டு நிறம்?"

"பச்சை தீந்துபோச்சு."

உள்ளே என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டேன். பொடி மட்டிச் சிப்பியாம். கூழாங்கல் போட்டால் சத்தம் மொத்தையாக வருமாம், சிப்பிதான் 'பேசும்' என்றார். ஏரிக்கரையில் பேரன் பொறுக்கி வந்தது. அதே கையால் நண்டு செய்திருக்கிறார், கொக்கு செய்திருக்கிறார். எதுவுமே விற்பனைக்கு வைத்ததில்லை. சதுரமாக, வட்டமாக, ஒரே அளவில் கேட்கிறார்கள், அதனால் அதைச் செய்கிறார்கள். மருமகளுக்குக் கோணல் மீன் செய்ய நேரமும் இல்லை. ஒரு மீனுக்கு ஆகும் நேரத்தில் ஒரு மூடி முடிந்துவிடும்.

எனக்கு ஒன்று வேண்டும் என்றேன். என்ன விலை சொல்வது என்று தெரியாமல் மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு டப்பாவின் விலையையே கொடுத்தேன். "இதுக்கா?" என்று பாட்டி மருமகளிடம் கேட்டது காதில் விழுந்தது. அதற்குள் பேரன் அழ ஆரம்பித்துவிட்டான். அந்த மீனை அவனிடமே விட்டேன். பாட்டி கழித்த ஓலைக் குவியலைக் கிளறி, இருட்டுவதற்குள் எனக்குப் புதிதாக ஒன்று முடைந்து கொடுத்தார். இதற்கு இரண்டு கண்ணும் சிவப்பு.

நீங்களும் போகலாம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் இருக்கிறது. கோட்டைக்குப்பத்தில் பெட்டி எந்தத் திண்ணையில் கேட்டாலும் காட்டுவார்கள், சொன்ன விலைக்கு வாங்குங்கள். கிலுக்கை மட்டும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல் அது வெளியே வராது.