கற்பூர எண்ணெய்

வைப்பின் தீவிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போகும் ரோ-ரோ படகில், பைக்குகளுக்கும் மீன்கூடை ஏற்றிய ஆட்டோவுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தேன், பக்கத்தில் ஒரு பையன் ஷூவைக் கழற்றிக் குதிகாலில் ஏதோ ஸ்ப்ரே அடித்தான், மலையாற்றூர்க் குரிசுமுடிக்கு யாத்திரையாக நடந்து போகப் பழகுகிறானாம், ஈஸ்டருக்கு முந்திய நோம்புக் காலம் அல்லவா. அந்த மெந்தால் நெடி டீசல் புகையையும் கழிமுகத்து உப்புக் காற்றையும் ஒரு கணம் அமுக்கிவிட்டு எழுந்தது, அதற்கு அடியில் கொஞ்சம் கற்பூரமும் இருந்தது, கற்பூரம் மணத்தால் எனக்குக் கோயில் நினைவுக்கு வருவதில்லை, பக்கத்து வீட்டுச் சேடத்தியின் அடுக்களைதான் வரும்.

என் சின்ன வயதில் பாலம் கிடையாது, 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை எறணாகுளத்துக்குப் படகுதான், அப்பா மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டியில் கணக்கு எழுதிவிட்டு இருட்டிய பிறகு வருவார், அவர் சட்டை மணம் அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும். அதுவரை எனக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணை. சேடத்தியின் புருஷன் வலைக்காரர், ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று மரக்குரிசைத் தோளில் ஏற்றி, வடக்கே செறாய் வரை தீவோடு நடந்து, பறவூர், ஆலுவா, காஞ்ஞூர், காலடி என்று இரவெல்லாம் போய், மறுநாள் குரிசுமுடி ஏறுவார், 609 மீட்டர் உயரம், கடைசிவரை கல்லும் வேரும்தான்.

நடை என்னவோ ஓர் இரவும் ஒரு பகலும், அதற்கான ஏற்பாடு நோம்பு தொடங்கும்போதே தொடங்கிவிடும். மாலையில் வெயில் சாய்ந்து, கட்டுமரங்களின் நிழல் மணலில் நீளும் நேரத்தில், அவர் வெறுங்காலோடு கடற்கரையில் நடக்கப் போவார், ஒவ்வொரு வாரமும் தூரம் கொஞ்சம் கூடும், கடைசி வாரங்களில் மணலை விட்டுவிட்டு ரோட்டில் நடப்பார், ஏனென்றால் மணல் பழகிய கால் ரோட்டில் ஏமாந்துபோகும் என்பார். திரும்பி வந்ததும் கிணற்று நீரில் காலைக் கழுவி, தோர்த்துத் துண்டின் நுனியை விரலிடுக்குகளில் விட்டு விட்டு ஒற்றி எடுப்பார், சாமான் துடைக்கும் கடைக்காரர்கூட அத்தனை பொறுமையாகத் துடைத்து நான் பார்த்ததில்லை. நகம் வெட்டுவது புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே, ஓரங்களைக் குடையாமல் நேராக, முந்தின நாள் வெட்டினால் வெட்டிய முனை பக்கத்து விரலைக் கீறும் என்பது சேடத்தியின் தீர்ப்பு. அவள் தேங்காயெண்ணெயைச் சுடவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் கற்பூரத்தை நுணுக்கிப் போடுவாள், ஆறியதும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பாள், குதிகாலிலும் பெருவிரல் மேட்டிலும் தடவினால் உராய்வு குறையும் என்பாள், கற்பூரம் அதற்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரிந்தவரை யாரும் கேட்டதில்லை.

“காலு பறயும் மோனே, கேட்டா மதி” என்பாள். கால் சொல்லிவிடும், நாம் கேட்டால் போதும். எந்த இடத்தில் முதலில் சுருக்கென்று எரிகிறதோ அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும், அடுத்த சாயாக்கடை வரட்டும் என்று நடந்தால் அங்கே கொப்புளம்தான் வரும். இன்று டாக்டர்கள் சொல்வதும் அதுவே, தோலின் மேலடுக்கு ஒரு பக்கமும் அடியடுக்கு ஒரு பக்கமும் இழுபட்டுப் பிரிந்து, பிரிந்த இடத்தில் நீர் கட்டுகிறது, வேர்வையில் ஊறிய தோல் சீக்கிரம் பிரிகிறது, எரிச்சல் வந்தவுடன் ஒரு டேப் ஒட்டிவிட்டால் தப்ப வாய்ப்புண்டு. குரிசுமுடி உச்சியில் புனித தோமாவின் பாதம் பதிந்ததாகச் சொல்லும் பாறையைத் தொட வரிசை நிற்குமாம், சேடத்தியின் புருஷன் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை, வரிசையில் முன்னால் நின்றவர்களின் குதிகால்கள் எப்படி இருந்தன என்பதைத்தான் திரும்பி வந்து சொல்வார்.

குதிகால் என்றதும் அம்மா ஊருக்குப் போய்விடுகிறேன். குன்றக்குடியிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி போகும் நகரத்தார் காவடிகள் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக வரும், அந்தச் சாலையோரத்து வீடு ஒன்றில்தான் என் ஆச்சி இருந்தாள். தை மாதத்துக் குளிர், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பூச்சிகள், அண்டாவில் வெந்நீர், பக்கத்தில் உப்பும் விளக்கெண்ணெய்க் கிண்ணமும். “சாமி, காலைக் காட்டுங்க” என்று தன்னைவிட வயதில் சின்னவர்களின் காலையும் மடியில் இழுத்து வைத்துக்கொள்வாள், பித்த வெடிப்பில் புகுந்த மண்ணை ஈரத்துணியால் எடுப்பாள். பழகிய நடைக்காரர் யாரும் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார மாட்டார்கள், திண்ணையில் மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் சாத்திவிடுவார்கள், வீக்கம் வடியும் என்று. பெரிய கொப்புளமாக இருந்தால் ஆச்சி ஊசியில் நூல் கோத்து ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டுவிடுவாள், நீர் அது வழியாகக் கசியும்.

இதே ஊசி நூல் வைத்தியம் ஸ்பெயினில் சந்தியாகோ போகும் யாத்திரைப் பாதையிலும் உண்டு என்று பின்னால் படித்தபோது ஆச்சி எனக்கு இன்னும் பெரியவளாகத் தெரிந்தாள், பிரெஞ்சு எல்லையிலிருந்து ஏறக்குறைய 780 கிலோமீட்டர் நடக்கிற அந்த யாத்திரிகர்களும் விடுதி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, மாலையில் வட்டமாக உட்கார்ந்து உள்ளங்காலைத்தான் ஆராய்கிறார்களாம். ஆனால் நூல் வழியாகவே கிருமியும் உள்ளே போகும், அந்த முறையே வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். சின்னக் கொப்புளத்தைத் தொடவே வேண்டாம், வலிக்கும் அளவுக்குப் பெரிதானால் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் ஒரு துளை போட்டு நீரை மட்டும் வடித்து, மேல்தோலை உரிக்காமல் மூடிக் கட்டினால் போதும். ஆச்சி இருந்திருந்தால் இதற்கு ஒத்துக்கொண்டிருப்பாளா என்பது சந்தேகம்.

ரோ-ரோ பையனிடம் பேச்சுக் கொடுத்தேன், ஷூ முந்தின நாள் வாங்கியது, விலையை அவனாகவே சொன்னான், காலை நேரத்தில் கடையில் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்ததாம். நடக்க நடக்கக் கால் பெருக்கும், அதனால் சாயங்காலம் போய், நடக்கும்போது போடப்போகிற சாக்ஸோடு போட்டுப் பார்த்து, முன்னால் ஒரு விரல் இடம் விட்டு வாங்க வேண்டும், வாங்கிய பிறகு பல வாரம் போட்டுத் தேய்க்க வேண்டும், பருத்தி சாக்ஸ் வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும் என்பதால் சீக்கிரம் காய்கிற ரகமும் மாற்றுக்கு ஒரு ஜோடியும் வேண்டும். இதையெல்லாம் சொன்னேன், அவன் தலையாட்டிக்கொண்டே போனில் எத்தனை அடி நடந்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தான். சாமான் மட்டமில்லை, சேடத்தியின் தோர்த்தைவிட அந்தச் சாக்ஸ் நல்லதுதான், முதுகில் ஒட்டுகிற ஒளிரும் பட்டை அந்த நாளில் இருந்திருந்தால் இரவில் லாரிக்குப் பயப்படாமல் நடந்திருப்பார்கள். நாற்பது நாள் வேலையை ஒரே நாளில் கடையில் முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்றே ஒன்று, சேடத்தி சொன்னது எல்லாருக்கும் பொருந்தாது. நாள்பட்ட சர்க்கரை உள்ளவர்களுக்கு உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், அவர்கள் கால் ஒன்றும் சொல்லாது, கண்ணாடி குத்தினாலும் தார் சுட்டாலும் தெரியாது, புண் பெரிதான பிறகுதான் தெரியும். அப்படிப்பட்டவர்கள் வெறுங்கால் நேர்ச்சை வைக்க வேண்டாம், புறப்படும் முன் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள், வழியில் தங்கும் இடத்தில் எல்லாம் வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.