ஒரு கட்டம் தள்ளிப் போன ராஜா

அன்புள்ள கயலுக்கு,

நீ தோற்ற நாலாம் சுற்று ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டை உன் அம்மா வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். 23ஆம் நகர்த்தலுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு கேள்விக்குறி, அதன் கீழே "குதிரை எஃப்3 ஆடியிருந்தால் ஜெயம் – ஸ்டாக்ஃபிஷ்." அதோடு முடித்துவிட்டாய். அது சதுரங்க என்ஜின் செய்த ஆராய்ச்சி. உன் பங்கு இன்னும் பாக்கி. அது என்னவென்று ஓர் ஆட்டத்தைக் காட்டிச் சொல்கிறேன்.

2014 நவம்பர், ரஷ்யாவின் சோச்சி. உலகப் பட்டத்துக்காக ஆனந்தும் கார்ல்சனும் மோதினார்கள். ஐந்து ஆட்டம் முடிந்து ஆளுக்கு இரண்டரைப் புள்ளி. ஆறாவதில் கார்ல்சனுக்கு வெள்ளை. ராணிகள் சீக்கிரமே வெட்டுப்பட்டுவிட்டன. ஆனந்த் பொறுமையாகத் தாக்குப்பிடித்துக் கொண்டிருந்தார். 26ஆம் நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவை சி1-இலிருந்து டி2-க்கு நகர்த்தினார். பார்த்தால் ஒன்றுமில்லாத நகர்த்தல்.

பலகையை எடுத்து வைத்துக்கொள். கறுப்பின் குதிரை ஜி6-இல், யானைகள் ஜி8-இலும் எச்8-இலும். வெள்ளை யானைகள் ஜி4, எச்5. சிப்பாய்கள் இ5-இலும் சி4-இலும். கறுப்புக் குதிரை இ5 சிப்பாயை வெட்டட்டும். வெள்ளை எச்5 யானையால் குதிரையை வெட்டினால் ஜி4 யானை போய்விடும். ஆகவே ஜி4 யானை ஜி8-ஐ வெட்டும். இப்போது கறுப்பு பதிலுக்கு வெட்டக் கூடாது. குதிரை சி4 சிப்பாயையும் வெட்டுகிறது, செக்! ராஜா டி3-க்கு வந்து குதிரையை மிரட்டினால் அது பி2-க்குத் தாவி இன்னொரு செக் கொடுக்கும். ராஜா விலகிய பிறகு நிதானமாக ஜி8 யானையை வெட்டலாம். கணக்குப் பார், இரண்டு சிப்பாய் லாபம்.

இனி ராஜாவைத் திரும்ப சி1-இல் வைத்து அதையே ஆடிப் பார். சி4-இல் வெட்டும்போது செக் கிடையாது. வெள்ளை சாவகாசமாக எச்8 யானையையும் வெட்டிவிடும். மாறாக, கறுப்பு உடனே ஜி8-இல் பதிலுக்கு வெட்டினாலோ இ5-இல் குதிரை போய்விடும். ஆக, முந்தைய நகர்த்தல் வரை இல்லாத வழி, ராஜா ஒரு கட்டம் தள்ளிப் போனதும் திறந்துகொண்டது. என்ஜின் இரண்டு கேள்விக்குறியோடு நிறுத்திக்கொள்ளும். இந்த வித்தியாசத்தை நீயாகக் காய் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனந்த் ஏ சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார். தான் செய்த பிழை கார்ல்சனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஆனந்துக்கோ தள்ளிய பிறகுதான் தெரிந்தது. அந்தச் சிப்பாய் ஏ3 வரை போய் 36ஆம் நகர்த்தலில் வெட்டுப்பட்டது. 38-இல் ஆட்டம் முடிந்தது. ஆனந்துக்கா அடுத்தடுத்து இரண்டு செக் வரும் அந்த வரிசை தெரியாது? எனக்குத் தோன்றுவது இதுதான்: மனசில் ஏ சிப்பாயின் பயணம் ஓடிக்கொண்டிருந்தது; எதிராளியும் எதையும் எளிதில் தவறவிடாதவர். அங்கே பிழை இருக்கும் என்று யார் தேடுவார்கள்? 'கவனக்குறைவு' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்கள் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பேன்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தையும் பார். டிங் லிரென் 55ஆம் நகர்த்தலில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தபோது குகேஷுக்கும் உடனே பிடிபடவில்லை. வேறொரு யானை நகர்த்தலை ஆடப் போனதாக அவரே பிறகு சொன்னார். ஆனால் கை நீளுமுன் டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார். யானைகளை வெட்டிக்கொண்டு தன் பிஷப்பை டி5-இல் வைத்தால் அதற்குத் தப்ப இடமில்லை. இரண்டு பிஷப்பும் கழிந்தால் மிஞ்சுவது சிப்பாய் ஆட்டம். அதில் கறுப்பு ஆடிய குகேஷுக்கு வெற்றி. உலகப் பட்டம் அங்கே முடிவானது.

உன் 23-க்கு வருகிறேன். எதிராளி 22-இல் யானையை நகர்த்தினாளே, அது அதுவரை எதைக் காத்துக்கொண்டிருந்தது? அதற்கு முன்பே குதிரை எஃப்3 இருந்ததா, அப்போதுதான் வந்ததா? நீ ராணிப் பக்கச் சிப்பாயைத் தள்ளினாய். அந்த யோசனை எத்தனை நகர்த்தலாக உன் தலையில் இருந்தது? எஃப்3-ஐப் பார்த்து வேண்டாமென்று விட்டாயா, பார்க்கவே இல்லையா? இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. பார்த்து விட்டிருந்தால் கணக்கில் எங்கோ தப்பு. எந்த நகர்த்தலில் நிறுத்தினாய் என்று பார். பார்க்கவே இல்லையென்றால் எதிராளி கை எடுத்ததும் அந்தக் காய் விட்டுவந்த கட்டத்தைப் பார்க்கிற பழக்கம் இன்னும் உனக்கு வரவில்லை.

இன்னொன்று. ஜெயித்த மூன்று ஆட்டத்தின் தாளில் ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லையே? எதிராளி தவறவிட்டதும் அதில் இருக்கும். பெரும்பாலும் அங்கேதான் நிறைய இருக்கும்.

ஞாயிறன்று கணினியை மூடி வைத்துவிட்டு நாலு ஆட்டத்தையும் பலகையில் ஆடிப் பார். ஆட்டம் திரும்பிய இடங்களில் நீ நினைத்ததைத் தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதி எனக்கு அனுப்பு. அதுவரை என்ஜினைத் திறக்காதே.

அன்புடன்,
சித்தப்பா